சூடு போகும் வழி

தரமணிக்கு வருபவர்கள் கண்ணாடிக் கட்டடங்களின் முகப்பைப் பார்ப்பார்கள். எனக்குப் பின்பக்கம்தான் பிடிக்கும். சுவரை ஒட்டி அடுக்கடுக்காக உறுமும் ஏசி அவுட்டோர் யூனிட்கள், மொட்டைமாடியில் ஈர ஆவி விடும் கூலிங் டவர்கள், ஜெனரேட்டர் புகைபோக்கிகள். உள்ளே எத்தனை கணினிகள் எவ்வளவு உழைக்கின்றன என்பதை முகப்பு சொல்லாது, பின்சந்து சொல்லிவிடும். கத்திரி வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில் அப்படி ஒரு சந்து வழியாக நடந்தோம். கடல் கிழக்கே சில கிலோமீட்டர்தான். ஆனால் மே மாதத்தில் கடற்காற்று உள்ளே வர நண்பகல் தாண்டிவிடும். அதுவரை மேற்கிலிருந்து வரும் அனலும் ஏசிகள் துப்பும் அனலும் சேர்ந்து முகத்தில் அறையும்.

கூட வந்தது, இங்கே திரைப்படக் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி. விஷுவல் எஃபெக்ட்ஸில் பைத்தியமாக இருப்பவன். பிளெண்டர் மென்பொருளில் ஒரு மழைக் காட்சியை உருவாக்கிக்கொண்டிருந்தான். லேப்டாப்பில் ஒரு ஃபிரேம் ரெண்டர் ஆவதற்குள் டீக்கடைக்குப் போய் வந்துவிடலாம் என்ற நிலை. ரிச்சி தெருவுக்குப் போய்ப் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கித்தர வேண்டும் என்று கேட்டிருந்தான்.

"அண்ணா, 3080 ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல இருக்காம். எடுத்துரலாமா?"

"கார்டு இருக்கட்டும். உன் ரூம் எப்படி இருக்கு?"

அவனுக்கு முதலில் கேள்வி புரியவில்லை. பிறகு சொன்னான்: மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற அறை, மேற்குப் பார்த்த ஒரே ஜன்னல், ஒரு சீலிங் ஃபேன், ஏசி கிடையாது, இரண்டு பேர் தங்குகிறார்கள்.

சென்னையில் கிராபிக்ஸ் கார்டைப் பற்றிய எந்தப் பேச்சும் அறையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கார்டின் மேல் இருக்கும் ஹீட் சிங்க், ஹீட் பைப், மூன்று ஃபேன் எல்லாம் சேர்ந்து செய்வது ஒரே வேலை: சிப்பின் சூட்டை அறைக் காற்றுக்கு மாற்றிவிடுவது. அறைக் காற்றைவிடக் கீழே எந்த ஃபேனாலும் இறக்க முடியாது. குளிர்நாட்டு விமர்சகர் 24 டிகிரி அறையில் சோதித்து, "72 டிகிரியில் ஓடுகிறது, அமைதியான கார்டு" என்று எழுதுகிறார். அதே கார்டு 36 டிகிரி இருக்கும் நம் மாடி அறையில், அதே ஃபேன் வேகத்தில், 84 டிகிரியைத் தொடும். அந்த அளவுக்குப் போக விடாமல் ஃபேன் வேகத்தைக் கூட்டிக்கொண்டு அலறும். அதுவும் போதாதபோது சிப் தன் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். பெட்டிமேல் போட்ட வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, அது கைக்குக் கிடைக்காமல் உட்கார்ந்திருப்போம். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட ஊரில் அறையின் வெப்பநிலையும் கார்டின் தரக்குறிப்புகளில் ஒன்று.

ரயிலடிக்குப் போகும் முன் அவனைக் கணித அறிவியல் நிறுவனத்தின் வாசலுக்கு அழைத்துப்போனேன். மரங்கள் அடர்ந்த சி.ஐ.டி. வளாகத்தில் இருக்கிறது. இந்த நிறுவனத்தில் 2004ல் கப்ரு என்ற கணினித் தொகுப்பு இருந்தது. இமயமலைச் சிகரத்தின் பெயர். 144 கணினிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு இன்டெல் ஸியான் பிராசஸர், எல்லாவற்றையும் முப்பரிமாண வலையாகப் பின்னிய இணைப்பு. அணுக்கருவுக்குள் குவார்க்குகளைப் பிணைக்கும் விசையை எண்களால் கணக்கிடுவதற்காக, இங்கிருந்த இயற்பியலாளர்களே முன்னின்று அமைத்தது. 2004 ஜூன் மாத உலக டாப் 500 பட்டியலில் அது இடம்பெற்றது. சந்தையில் கிடைக்கிற பாகங்களைச் சேர்த்து, லினக்ஸ் போட்டு, தரமணியில் உட்கார்ந்து உலகப் பட்டியலுக்குள் போனார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது.

கணக்கைச் சொன்னபோதுதான் தம்பியின் கண் விரிந்தது. 288 பிராசஸர், ஒவ்வொன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸ். மொத்தத் தத்துவார்த்த வேகம் விநாடிக்குச் சுமார் 1.38 லட்சம் கோடி இரட்டைத் துல்லியக் கணக்குகள், அதாவது 1.38 டெராஃபிளாப். 2025 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 என்ற ஒற்றை விளையாட்டுக் கார்டு, தான் பலவீனமாக இருக்கும் அதே இரட்டைத் துல்லியக் கணக்கில்கூட 1.6 டெராஃபிளாப் வரை போகிறது. படம் வரைவதற்கான ஒற்றைத் துல்லியக் கணக்கில் நூறைத் தாண்டுகிறது. ஒரு கூடத்தை நிறைத்த சிகரம், இன்று இரண்டு கையால் தூக்கும் கார்டுக்குள் அடங்கிவிட்டது.

சூட்டுக் கணக்கு இன்னொரு பக்கம். அந்த ஸியான் ஒவ்வொன்றும் குறைந்தது 65 வாட் என்று வைத்தால், பிராசஸர்கள் மட்டும் 18 கிலோவாட்டுக்கு மேல். ஒரு டன் ஏசி இழுத்து வெளியேற்றும் சூடு சுமார் 3.5 கிலோவாட். ஆக, பிராசஸர்களின் சூட்டை மட்டும் வெளியேற்றவே ஐந்து டன்னுக்கு மேல் ஏசி. இதே கணக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தால், முழு வேகத்தில் 600 வாட் இழுக்கும் கணினி ஒன்று, ஒரு டன் ஏசியின் ஆறில் ஒரு பங்கைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. சுவரிலிருந்து இழுத்த மின்சாரம் அத்தனையும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வந்து சேரும். விளையாட்டு ஓடினாலும் சரி, குவார்க் ஓடினாலும் சரி.

தரமணி பறக்கும் ரயில் நிலையத்தில் ஏறினோம். இந்தத் தடம் 2007 நவம்பரில்தான் வேளச்சேரி வரை நீண்டது. நிலையங்கள் பிரம்மாண்டம்; ஆட்கள் குறைவு. கோடையில் அந்தக் கான்கிரீட் கூடங்களின் நிழல் எனக்குப் பிடிக்கும். உயரமான கூரை, இரண்டு பக்கமும் திறப்பு, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது. கணினி கேபினட்டும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவனுக்குச் சொன்னேன். இப்போது கடைகளில் அழகுக்காக முன்பக்கமே கண்ணாடியாக விற்கிறார்கள். உள்ளே கலர் விளக்கு தெரியும். காற்று உள்ளே வர வழியிருக்காது. நம் ஊருக்கு முன்பக்கம் சல்லடை வேண்டும், அதற்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசு வலை வேண்டும், உள்ளே தள்ளும் ஃபேன் வெளியே இழுக்கும் ஃபேனைவிட அதிகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் வலை வழியாக வந்த காற்று உள்ளே நிறைந்து, இடுக்குகள் வழியாகத் தூசு நுழையாமல் தடுக்கும். தூசு என்றால் சும்மா மண் தூசு இல்லை. கடற்கரை ஊரில் அதில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் செப்பைப் பச்சையாக்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர் வீடுகளிலிருந்து வரும் பழைய போர்டுகளில் அந்தப் பச்சையை நிறையப் பார்த்திருக்கிறேன்.

திருவான்மியூர் வந்தது. ஜன்னலில் டைடல் பூங்கா. 2000 ஜூலையில் திறந்த கட்டடம்; இந்தச் சாலையின் தலையெழுத்தை மாற்றியது. அதன் குளிரூட்டும் ஏற்பாட்டில் வெப்பச் சேமிப்புத் தொட்டி உண்டு. இரவில் குளிரைச் சேர்த்துவைத்து, மின்சாரத் தேவை உச்சத்தில் இருக்கும் பகலில் எடுத்துச் செலவழிக்கும் முறை. பிறகு இந்திரா நகர், கஸ்தூரிபா நகர், கோட்டூர்புரம். அடையாற்றின் மேல் ரயில் போகும்போது மட்டும் காற்றில் கொஞ்சம் ஈரம் வந்தது.

திருவல்லிக்கேணியில் இறங்கிவிட்டோம். தம்பிக்கு அவசரம். ஆனால் குளிரூட்டலைப் பற்றிப் பேசுகிறவன் ஐஸ் ஹவுஸைப் பார்க்காமல் இந்த வழியைக் கடக்கக் கூடாது என்று நினைக்கிறேன். கடற்கரைச் சாலையில், வட்டமான முகப்போடு நிற்கும் இன்றைய விவேகானந்தர் இல்லம்தான் அது. 1842ல் ஃபிரெடரிக் டூடர் என்ற பாஸ்டன் வியாபாரியின் நிறுவனம் பனிக்கட்டி சேமிக்கக் கட்டியது. நியூ இங்கிலாந்தின் ஏரிகள் குளிர்காலத்தில் உறையும்போது, பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இந்தியாவுக்கு அனுப்பினார்கள். முதல் சரக்கு 1833ல் கல்கத்தா போனது. 180 டன் ஏற்றியதில் சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. நான்கு மாதக் கடல் பயணம், பூமத்தியரேகையை இரண்டு முறை கடந்து. இயந்திரத்தில் பனிக்கட்டி செய்ய முடிந்த பிறகு அந்த வியாபாரம் படுத்தது, கட்டடம் கைமாறியது, 1897ல் விவேகானந்தர் வந்து தங்கினார்.

அந்த வெள்ளைச் சுவர்களின் நிழலில் நின்று இன்னொரு கணக்குப் போட்டோம். ஏசிக்குச் சொல்லும் ஒரு டன் என்பது 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது வாங்கிக்கொள்ளும் சூட்டின் அளவு. அந்தக் கணக்கில், 575 வாட் இழுக்கும் 5090 கார்டு ஒரு நாள் முழுக்க ஓடினால் சுமார் 150 கிலோ பனிக்கட்டியை உருக்கும். கப்ருவின் பிராசஸர்களுக்கு நாளொன்றுக்கு ஐந்து டன்னுக்கு அருகில் பனிக்கட்டி வேண்டும். கல்கத்தாவில் இறங்கிய அந்த 100 டன்னும் இருபது நாள் தாங்கியிருக்கும். பாஸ்டன் ஏரி ஒன்றின் குளிர்காலத்தைத் தரமணி மூன்று வாரத்தில் குடித்துத் தீர்த்திருக்கும்.

"அப்ப தண்ணி கூலிங் போட்டா, ஐஸ் தண்ணி விட்டா?" என்று கேட்டான். ஆர்வக்காரர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள். எதிரே தள்ளுவண்டியில் வாங்கிய சர்பத் கிளாஸைக் காட்டினேன். வெளிப்பக்கம் முழுக்க வியர்த்து, கை நனைந்திருந்தது. சென்னைக் காற்றின் பனிப்புள்ளி ஆண்டின் பல மாதங்கள் 25 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் முத்துமுத்தாகக் கோர்க்கும். 12 வோல்ட் ஓடுகிற போர்டில் அந்த முத்து விழுந்தால் கதை முடிந்தது. குளிர்ந்து உலர்ந்த நாடுகளில் சிலர் சில்லர் வைத்து விளையாடுகிறார்கள். இங்கே அதைப் பின்பற்றக் கூடாது. சாதாரணத் தண்ணீர் கூலிங்கும் மாயம் எதுவும் செய்வதில்லை. தண்ணீர் சூட்டைச் சிப்பிலிருந்து ரேடியேட்டருக்குச் சுமந்து போகிறது, ரேடியேட்டர் அதே அறைக் காற்றில்தான் கொட்டுகிறது. பெரிய ரேடியேட்டர் என்றால் சத்தம் குறையும், சில டிகிரி குறையும். ஆனால் பம்ப் என்று ஓடித் தேயும் பாகம் ஒன்று கூடுகிறது. நம் ஊரில், ஏசி இல்லாத அறைக்கு, நல்ல தடித்த காற்றுக் கூலர்தான் என் வாக்கு. ஃபேன் போனால் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம்.

இந்தக் கடற்கரைச் சாலையிலேயே வடக்கே போனால் பிரசிடென்சி கல்லூரி. கணித அறிவியல் நிறுவனம் 1962 ஜனவரி 3 அன்று தொடங்கப்பட்டது அங்கேதான். அல்லாடி ராமகிருஷ்ணன் நிறுவினார். தொடங்கிவைத்தவர் சுப்ரமணியன் சந்திரசேகர். பிறகுதான் தரமணிக்குப் போனது. நாங்கள் காலையில் வந்த வழியை அந்த நிறுவனம் எதிர்த்திசையில் கடந்திருக்கிறது.

மறுபடி ரயில். சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான். ஒரு தெரு என்று சொல்கிறோமே தவிர, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று அண்ணா சாலைக்குப் பின்னால் விரியும் சந்துகளின் கூட்டம் அது. ஒரு படிக்கட்டுக்கு அடியில் ரெசிஸ்டர், அடுத்த படியில் சிசிடிவி, மாடியில் லேப்டாப் சர்வீஸ். தலைக்கு மேல் வயர்கள், காலுக்கடியில் பைக்குகள். வாசலில் நின்று "என்ன சார் வேணும்? எஸ்எஸ்டி, ரேம், டிஸ்ப்ளே?" என்று கூப்பிடும் பையன்கள். இந்தத் தெருவை அழுக்கு என்று ஒதுக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் ஆன்லைனில் வாங்குகிறார்கள், கெட்டுப்போனால் தூக்கிப்போடுகிறார்கள். இங்கே ஒரு பொருளுக்கு மூன்றாவது, நான்காவது ஆயுள் கிடைக்கிறது. அதை நான் மதிக்கிறேன்.

முதலில் ஒரு சர்வீஸ் கடைக்கு ஏறினோம். பல்லாண்டுப் பழக்கம். உரிமையாளர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே "வாங்க" என்றார். மேஜைமேல் சிப் கழற்றிய போர்டு. பழைய சால்டர் உருண்டைகளை உறிஞ்சி எடுத்துவிட்டு, புது உருண்டைகள் வைத்து, அகச்சிவப்பு அடுப்பில் உட்காரவைக்கும் ரீபாலிங் வேலை. தம்பி இதைப் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தேன்.

கார்டு ஏன் சாகிறது என்பதற்கு இந்த மேஜையில் பதில் இருக்கிறது. சிலிக்கானும் அதைத் தாங்கும் பலகையும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. ஆன் செய்யும்போது விரிந்து, ஆஃப் செய்யும்போது சுருங்கி, நடுவில் இருக்கும் சால்டர் புள்ளிகள் ஒவ்வொரு முறையும் வளைகின்றன. 2008ல் என்விடியா தன் லேப்டாப் சிப்புகள் சில இப்படிப் பலவீனமான பொருளால் செயலிழந்ததற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கிவைக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் இந்தத் தெரு முழுக்கக் கறுப்புத் திரையோடு லேப்டாப்புகள் குவிந்தன. ஹாட் ஏர் அடித்தால் உயிர் வரும். சில வாரத்தில் மறுபடி போகும். சிப்புக்குள்ளேயே விரிசல் இருக்கும்போது வெளி உருண்டையை மாற்றி என்ன பயன்? நேர்மையான கடைக்காரர்கள் அதைச் சொல்லிவிடுவார்கள். இவர் சொல்பவர்.

"சூடு அதிகமானா போயிடும்னு எல்லாரும் நினைக்கிறாங்க சார். ஏறி ஏறி இறங்குறதுதான் கொல்லுது" என்றார்.

மைனிங் கார்டுகளைப் பற்றிய என் கருத்தும் இதிலிருந்துதான் வருகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், கார்டு வைத்து நாணயம் தோண்டிய தொழில் ஒரே நாளில் படுத்தது. பழைய கார்டுகள் சந்தையில் கொட்டின. அவற்றைத் தொடவே கூடாது என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மைனிங்கில் கார்டு மாதக்கணக்கில் ஒரே சூட்டில், பெரும்பாலும் மின்னழுத்தம் குறைத்து ஓடும். ஏற்ற இறக்கம் குறைவு. பயப்பட வேண்டியது ஃபேனின் பேரிங்குக்கும் மெமரிக்கும்தான். குறிப்பாக 3080, 3090 கார்டுகளின் மெமரி மைனிங்கில் 100 டிகிரிக்கு மேல் வெந்திருக்கும். தெர்மல் பேட் காய்ந்து எண்ணெய் கக்கியிருந்தால் அது அடையாளம்.

கடைக்காரர் காட்டிய 3080ல் அந்த எண்ணெய் இருந்தது. தம்பி முகம் வாடியது. பேட் மாற்றி, பேஸ்ட் மாற்றி எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அது 320 வாட் கார்டு, 10 ஜிபி மெமரி. பக்கத்தில் இருந்த 3060, 170 வாட், 12 ஜிபி. வேகத்தில் 3080க்குப் பாதி அளவுதான் வரும், அதை மறைக்கவில்லை. ஆனால் பிளெண்டரில் காட்சி முழுவதும் கார்டின் மெமரிக்குள் உட்கார வேண்டும். மழை, தெரு, ஈரச் சுவரின் டெக்ஸ்ச்சர் எல்லாம் சேர்ந்து 10 ஜிபியைத் தாண்டினால், வேகமான கார்டு தடுமாறி நிற்கும். மெதுவான கார்டு முடித்துக்கொடுக்கும். அதோடு, இரண்டு பேர் தூங்கும் மாடி அறையில் 150 வாட் சூடு குறைவு என்பது சாதாரணமில்லை. இரவு எட்டு மணி நேரம் ரெண்டர் ஓடினால் மிச்சம் 1.2 யூனிட். இரண்டு மாத பில்லில் 70 யூனிட்டுக்கு மேல்.

பெரிய கார்டுகள்மேல் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. 2022ல் 4090 வந்தபோது மின்சாரம் கொடுக்கும் புது 16 பின் கனெக்டர் சிலருக்கு உருகியது. 5090 இழுக்கும் 575 வாட்டை 12 வோல்ட்டில் கொடுத்தால் 48 ஆம்பியர். அது ஆறு சின்ன பின்களில் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் 8 ஆம்பியர். ஒன்று சரியாகப் பதியாவிட்டால் மற்றவை சுமக்க வேண்டும். இவ்வளவு விலை வாங்கும் பொருளில் இவ்வளவு சின்னப் பாதுகாப்பு இடைவெளி விட்டது சரியான பொறியியல் அல்ல. 2006ல் வந்த 8800 ஜிடிஎக்ஸ் சுமார் 150 வாட்டில் ஓடியபோதே இது அடுப்பு என்று பேசிக்கொண்டோம்.

3060ஐ மேஜையில் மாட்டச் சொன்னேன். கடைக்குள் தெர்மாமீட்டர் 34 காட்டியது. கார்டைத் திறந்து காய்ந்த பேஸ்டைத் துடைத்து, புதிது தடவி, முழுச் சுமையில் கால் மணி நேரம் ஓடவிட்டார். 78 டிகிரி. பிறகு அண்டர்வோல்ட். சிப் செலவழிக்கும் மின்சாரம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும். 10 சதவீதம் குறைத்தால் 19 சதவீதம் மிச்சம். தொழிற்சாலையில் மட்டமான சிப்பும் ஓட வேண்டும் என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்து அனுப்புவார்கள். இந்தச் சிப் நல்ல சிப். ஒவ்வொரு படியாக இறக்கி, எங்கே தடுமாறுகிறது என்று பார்த்து, அதற்கு ஒரு படி மேலே நிறுத்தினோம். வேகம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. சூடு 70ல் நின்றது. ஃபேன் சத்தம், தெருச் சத்தத்தில் கேட்கவே இல்லை.

"எங்க வைக்கறதுண்ணா?" என்றான் தம்பி, காசை எண்ணியபடி.

ஜன்னலுக்குக் கீழே, ஆனால் மேற்கு வெயில் நேராக விழாத பக்கமாக. தரையில் வேண்டாம், ஒரு அடி உயரத்தில். கேபினட்டின் முதுகு ஜன்னலைப் பார்த்து இருக்கட்டும். ரெண்டரை இரவு பத்து மணிக்கு மேல் போட்டு, ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிவிடு. மாதம் ஒருமுறை தூசு வலையைக் கழுவு. கடைக்காரர் பில்லில் கார்டின் சீரியல் நம்பரை எழுதி, ஒரு மாத டெஸ்டிங் வாரண்டி என்று முத்திரை குத்தினார். எக்ஸாஸ்ட் ஃபேன் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டோம். நரசிங்கபுரம் தெரு திரும்பி, இடதுபக்கம் மூன்றாவது கடை, ஒன்பது அங்குலம் கேளுங்க, உலோக பிளேடா பார்த்து வாங்குங்க என்றார்.